நாலாவது இடம்

ஜனவரி 9

மச்சான் அவர்களுக்கு,

மூன்று வாரமாக உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எடுப்பதாக இல்லை. அதனால் எழுதுகிறேன். புது ஊரில் லாரி ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்திருப்பதாக உங்கள் தங்கை சொன்னாள். விலாசமும் அவள் கொடுத்ததுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். சீசனின் கடைசி பைக் பந்தயத்தில் நான் நாலாவது வந்தேன். பேக்கரிக்காரன் அரைச் சக்கர நீளத்தில் முந்தி மூன்றாவது வந்தான். பத்துச் சுற்றிலும் வளைவுகளில் அவன் எனக்குப் பின்னால்தான். நேர்ச்சாலைக்கு வந்தால் மட்டும் நம் கட்டெறும்புக்கு மூச்சு முட்டியது. அந்தக் கறுப்புக் குட்டி வண்டிக்கு அப்படிப் பேர் வைத்தவரும் நீங்கள்தான். இறங்கியதும், "என்னமோ இழுக்கவே இல்ல மச்சான்" என்றேன். "வெயில்டா மாப்ள, எல்லா வண்டிக்கும் அப்படித்தான்" என்று தோளைத் தட்டினீர்கள்.

போன மாதம் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யக் கழற்றினேன். பிளக் முழுக்கக் கரி. உள்ளே பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளைத் துண்டை, மெயின் ஜெட்டை எடுத்து, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியின் கீழே வைத்தேன். நம் பந்தய நோட்டில் ஆறு பந்தயத்துக்கும் 110 என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. வண்டியில் இருந்தது 120. பெட்ரோலை அளவுக்கு மேல் விட்டு எஞ்சினை மந்தமாக்குகிற ஜெட். அதைச் சாப்பாட்டு மேசையில் உங்கள் முன்னால் வைத்தேன். நீங்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். அடுப்படியில் நின்ற உங்கள் தங்கை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு அவமானம் அவளுக்கு.

எனக்கு முப்பத்தேழு வயது. நான் ஒன்றும் பெரிய பந்தய வீரன் இல்லை. லென்ஸ் தேய்த்துச் சம்பாதித்து, ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டுகிறவன். அந்த மூன்றாவது இடம் எனக்குப் பெரிதாக இருந்தது. எனக்கு ஒரே பதில் வேண்டும். ஜெட்டை மாற்றியது நீங்கள்தானா?

இன்னொன்று. வருகிற சீசனுக்குப் பெரிய பிரிவில் பேர் கொடுக்கப் போகிறேன். இனி யாரும் எனக்கு இடம் அளந்து கொடுக்க வேண்டாம். உங்களிடம் இருக்கிற நோட்டை அனுப்பி வையுங்கள்.

உங்கள் தங்கையின் கணவன்

*

ஜனவரி 20

மாப்ள,

என்னடா இது புதுசா 'நீங்கள்', 'அவர்களுக்கு'? பதினோரு வருஷமா 'டேய் மச்சான்'னு கூப்பிட்ட வாய்தானே? ஆபீசுக்கு மனு போடுற மாதிரி எழுதியிருக்க. எனக்கு எழுத்து நடை வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், பொறுத்துக்க.

நான்தான். அன்னைக்குக் காலையில வண்டி செக்கிங் முடிஞ்சு, நீ ரேஸ் சூட் மாட்டிக்கிட்டு இருந்தப்ப மாத்தினேன். அஞ்சு நிமிஷ வேலை. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வக்கில்லாமத்தான் செருப்பை மாட்டினேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. சின்ன ஜெட் போட்டிருந்தாலும் வண்டி மெதுவாத்தான் போயிருக்கும். ஆனா எஞ்சின் சூடேறிப் பிடிச்சுக்கிட்டா நீ தரையில கிடப்ப. அதனாலதான் பெருசு போட்டேன். எஞ்சினுக்கும் உனக்கும் ஒரு கீறல் விழாம யோசிச்சுத்தான் செஞ்சேன். நல்லவன்னு காட்டிக்கச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

ஏன்னு கேட்ப. ரூல் உனக்கே தெரியும். சின்ன கிளாஸ்ல முதல் மூணு இடத்துக்குள்ள மூணு தடவை வந்துட்டா, அடுத்த வருஷம் அங்க ஓட்ட முடியாது, மேல போயாகணும். உனக்கு ஏற்கெனவே ரெண்டு கப். மூணாவது வந்தா நீ நிறுத்திக்குவியா? நீயா? சத்தியமா மாட்ட.

சின்ன கிளாஸ்ல ஒரு வருஷத்துக்கு நமக்கு என்ன ஆச்சு? நுழைவுக் கட்டணம், லைசென்ஸ், வேன் வாடகை, ரெண்டு பந்தயத்துக்கு ஒரு செட் டயர், பெட்ரோல், பிரேக் கட்டை, விழுற செலவுன்னு தனியா ஒதுக்கினது எல்லாம் சேர்த்து தொண்ணூறாயிரம். உன் போனஸும் என் ஓவர்டைமும் அதுக்குச் சரியா இருந்துச்சு, யார் சோத்துலயும் கை வைக்கல. பெரிய கிளாஸ்ல வண்டியே ரெண்டே முக்கால் லட்சம். அதுக்கு மேல ஒரு சீசன் மூணு லட்சம். பந்தயத்துக்கு ஒரு செட் டயர் தின்னும். வண்டி வாங்குற காசு இன்னொரு மடங்கு கையில இல்லன்னா அந்த கிளாஸ் நம்மது இல்லடா. அந்தக் காசு உன்கிட்ட எங்க இருக்கு? வீட்டுக்கு முன்பணம்னு ரெண்டு பேரும் பதினோரு வருஷமா சேர்த்தது மட்டும்தான் இருக்கு. லேப்ல ஊசி குத்திக் குத்தி என் தங்கச்சி சேர்த்த காசு அதுல பாதி.

யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. நானா யோசிச்சேன், நானா செஞ்சேன். திட்டணும்னா என்னை மட்டும் திட்டு. இன்னும் ஒரு வருஷம் சின்ன கிளாஸ்லயே ஓட்டு மாப்ள. பெரிய கிளாஸ்ல பேர் குடுத்துட்டா திரும்ப இறங்க விட மாட்டாங்க.

மச்சான்

*

பிப்ரவரி 6

மச்சான் அவர்களுக்கு,

ஒப்புக்கொண்டதற்கு நன்றி. அதையே அன்றைக்கு முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் ஒரு அறையோடு முடிந்திருக்கும்.

என் பணத்துக்கு நீங்கள் கணக்குப் போட்டீர்கள், என் ஆசைக்கும் நீங்களே அளவு எடுத்தீர்கள். நான் என்ன தொட்டில் பிள்ளையா? "வேண்டாம் மாப்ள, கட்டுப்படி ஆகாது" என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், கத்தியிருப்பேன், ஆனால் அது எனக்கும் உங்களுக்கும் நடந்த சண்டையாக இருந்திருக்கும். நீங்களோ நான் ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டிருந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் வேலையைக் காட்டினீர்கள். நேர்ச்சாலையில் பெட்ரோல் டேங்க் மேல் தாடையை ஒட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று அந்த வண்டியைக் கெஞ்சினேன். நீங்கள் கம்பி வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பிரிவில் ஓட்டுகிற பல் டாக்டர் ஒருவரின் பழைய வண்டியை வாங்கிவிட்டேன். கட்டெறும்பைப் பேக்கரிக்காரனுக்கு விற்றாயிற்று. அது போதாமல் முன்பணத்தில் கொஞ்சம் எடுத்தேன். இன்னும் இடித்தது. உங்கள் தங்கையிடம் கேட்டேன். நாலு வளையலையும் சோப்புப் போட்டுக் கழற்றி, துடைத்து, என் கையில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என்மேல் நம்பிக்கை உள்ளவள் அவள் ஒருத்திதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பட்ஜெட்டையும் நானே போட்டேன். நீங்கள் வருஷா வருஷம் எழுதும் 'விழுற செலவு' என்ற வரியை முதலில் அடித்தேன். ஓட்டப் போகிறவனிடம் விழுவதற்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் அவன் எப்படி ஓட்டுவான்? அந்த வரியை எடுத்ததும் கணக்குச் சரியாக உட்கார்ந்துவிட்டது.

அந்த 110 ஜெட்டை என்ன செய்தீர்கள்? பேக்கரிக்காரனுக்கு வண்டியைக் கொடுக்கும்போது தேடினேன், கிடைக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். நான் யாரையும் ஏமாற்றுவதில்லை.

*

பிப்ரவரி 18

மாப்ள,

கட்டெறும்பை வித்துட்டியா? அந்த வண்டியோட ஒவ்வொரு போல்ட்டும் என் விரலுக்குத் தெரியும். அதுவும் பேக்கரிக்காரனுக்கு. சரி, உன் வண்டி, உன் இஷ்டம். நான் பேச வாயில்ல.

ஜெட்டைத் தூக்கிப் போட்டுட்டேன். அதையே நோண்டிக்கிட்டு இருக்காத.

நோட்டை இதோட அனுப்பியிருக்கேன். கடைசிப் பக்கத்துல பெரிய வண்டிக்குத் தேவையானதை எழுதியிருக்கேன். முறைக்காமப் படி. விழுற செலவுங்கிற வரியைத் திரும்ப எழுது. சகுனம் பார்த்து நான் அதை எழுதல, எல்லாரும் விழுறாங்க, அதனால எழுதினேன். ஒரு வருஷத்துக்கு ரெண்டு விழுகைன்னு வை. ஹேண்டில், லீவர், கால்மிதி, ஒரு ஹெல்மெட், ஒரு ஆஸ்பத்திரி. அந்தக் காசு இல்லன்னா மூணு பந்தயம் மட்டும் ஓட்டு, ஆறு ஓட்டாத.

அப்புறம், தங்கச்சி ஒரு வார்த்தை பேசலன்னு பெருமையா எழுதியிருக்க. அவளைச் சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரியும். அவ கத்தினா பயமில்ல. பேசலன்னாத்தான் பயம். அந்த வளையலை எங்கேயாவது அடகு வச்சிருந்தா முதல்ல அதை மீட்டுக் குடு.

மச்சான்

*

மே 14

மச்சான் அவர்களுக்கு,

நோட்டு கிடைத்தது. பதில் எழுதத் தோன்றவில்லை, அதனால் எழுதவில்லை.

இரண்டு பந்தயம் முடிந்தது. இருபத்திரண்டு வண்டியில் பதினேழாவது, பத்தொன்பதாவது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். இங்கே எல்லாரும் வேறு மாதிரி ஆட்கள். பல் டாக்டர் சொந்த வேனில் வருகிறார், மடக்குக் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார், இரண்டு பேர் அவருக்கு டயரைச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். நான் ஒரு கையில் குடையும் மறு கையில் ஸ்பேனருமாக நிற்கிறேன். முந்தின நாள் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் என்பதால் அதை விட்டுவிட்டேன். வளைவு எங்கே வருகிறது என்று பந்தயத்திலேயே கற்றுக்கொள்கிறேன்.

டயர் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. டாக்டர் கழற்றிப் போடுகிறதைக் கேட்டு வாங்கிப் போடுகிறேன். பார்ப்பதற்குப் புதிது மாதிரிதான் இருக்கிறது. "எடுத்துக்கோங்க சார், குப்பைக்குத்தானே போகுது" என்கிறார். நல்ல மனுஷன். அவர் அப்படிச் சொல்லும்போது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரிவதில்லை.

உங்கள் தங்கை ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்குப் போகிறாள். இந்த வருஷம் ஒரு பந்தயத்துக்கும் வரவில்லை. கேட்டால் "லீவு இல்ல" என்கிறாள்.

ஒரு சந்தேகம். உங்களைக் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பின் டயரின் வலது ஓரம் பொரபொரவென்று கிழிகிறது. நாலாவது சுற்றுக்கு மேல் வலது வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது. ஸ்பிரிங்கை இறுக்குவதா, தளர்த்துவதா? ஒரு வரி எழுதினால் போதும்.

*

மே 27

மாப்ள,

சந்தோஷம் ஒண்ணும் இல்லடா. பத்தொன்பதாவதுன்னு படிச்சிட்டு மத்தியானச் சோறு இறங்கல.

ஸ்பிரிங்கை ரெண்டு திருகு தளர்த்து, காத்தையும் கொஞ்சம் குறைச்சுப் பாரு. ஆனா அது மருந்து இல்ல. அந்த டயரே செத்த டயர். நல்லாச் சூடாகி ஆறின ரப்பர் வெளிய பளபளன்னு இருக்கும், பிடிப்பு இருக்காது. டாக்டர் சும்மா கழட்டிப் போடல, தெரிஞ்சுதான் போடுறார். அதை மாட்டிக்கிட்டு வலது வளைவுல சாய்க்காத. காசு இல்லன்னா அடுத்த பந்தயத்துக்குப் போகாத. வீட்டுல இரு, தூங்கு, அவளை எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போ.

எழுதலாமா வேண்டாமான்னு இந்தப் பேப்பரை ரெண்டு நாளா சட்டைப் பையிலேயே வச்சிருந்தேன். எழுதிடறேன். நான் வரட்டுமா? பேச வேண்டாம். ஓரமா நின்னு வண்டியை மட்டும் பார்த்துட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிடறேன். ஒரு செட் புது டயரும் வாங்கிட்டு வரேன். இங்க ஓவர்டைம் இருக்கு.

மச்சான்

*

ஜூன் 3

மச்சான் அவர்களுக்கு,

வர வேண்டாம். என் வண்டியில் இனி உங்கள் கை படக் கூடாது.

*

ஜூலை 22

டேய்,

'மாப்ள'ன்னு எழுத வரல.

உன்னை ஆஸ்பத்திரியில பார்த்துட்டு ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆச்சு. ராத்திரி பூரா பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்ட. காறை எலும்பு போச்சு, வலது மணிக்கட்டு மூணு துண்டு, கம்பி வச்சுத் தச்சிருக்காங்க, அந்த நிலைமையிலயும் உனக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வருது. நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க"ன்னு கேட்டுச்சு. என்னன்னு சொல்ல? 'வண்டி மெக்கானிக்'னு சொல்லிட்டு வந்தேன்.

நீ விழுந்தது அஞ்சாவது சுற்று, வலது வளைவு, பல் டாக்டர் கழட்டிப் போட்ட டயர். ஒண்ணையாவது நான் சொல்லாம விட்டேனா?

பில்லை நான் பார்த்தேன். பணம் கட்டுற ஜன்னல்ல தங்கச்சி வரிசையில நின்னுக்கிட்டு இருந்தா. வீட்டுக்குன்னு வச்சிருந்த பாஸ்புக் கையில இருந்துச்சு. "எவ்வளவும்மா மிச்சம்?"னு கேட்டேன். புத்தகத்தை விரிச்சுக் காட்டினா. ஒரு சைக்கிள் வாங்கலாம். நீ அடிச்சுத் தள்ளின வரிக்குத்தான் அவ அந்த ஜன்னல்ல பணம் கட்டினா.

அந்த ஜெட்டை மாத்தினதுக்காக ஆறு மாசமா குனிஞ்சு குனிஞ்சு எழுதினேன். இனிமே குனிய மாட்டேன். அதுக்காக நான் வருத்தப்படல. ஒருநாள் வருத்தப்பட்டேன், அது நீ நேர்ச்சாலையில கெஞ்சினதை எழுதினப்ப. அந்த வருத்தமும் அந்த ஜன்னல் முன்னாடி தீர்ந்துபோச்சு.

கை ஆறினா பதில் போடு. போடலன்னாலும் சரி.

*

செப்டம்பர் 30

மச்சான்,

கை ஆற இவ்வளவு நாள் ஆயிற்று. கையெழுத்து கோணலாக இருக்கும். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. லென்ஸ் தேய்க்கிற மெஷினில் இனி என்னை உட்காரவிட மாட்டார்கள். கடையில் முன்னால் நின்று, வருகிறவர்களுக்குப் பிரேம் மாட்டிக் காட்டுகிறேன். சம்பளம் முக்கால்வாசி.

வண்டியை டாக்டரே உதிரிப் பாகத்துக்கு எடுத்துக்கொண்டார். வாங்கிய விலையில் கால் பங்கு. பந்தய ஆபீசுக்குப் போய், மறுபடி சின்னப் பிரிவில் ஓட்ட முடியுமா என்று கேட்டேன். மேசையில் இருந்தவர் என் கையைப் பார்த்தார். "மேல போனவங்க இறங்க முடியாதுங்க, ரூல்" என்றார். நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. போன வாரம் வளையலை மீட்டேன். வண்டி விற்ற காசு அதற்குத்தான் சரியாக இருந்தது. அவள் லேபில் இருந்தாள். பீரோவில் வளையல் வைக்கிற சிவப்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்னப் பித்தளைத் துண்டு, பஞ்சில் சுற்றி இருந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. 110.

'தூக்கிப் போட்டுட்டேன்' என்று எழுதினாய். 'யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல' என்று எழுதினாய். பொய் சொல்வதிலும், எஞ்சினைப் போலவே அவளுக்கும் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

சாயந்திரம் அவள் வந்ததும் மேசையில் ஜெட்டையும் வளையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் பையைக்கூடக் கழற்றவில்லை. "நான்தான் கேட்டேன்" என்றாள். "உங்க நோட்டுல பெரிய கிளாஸ் கணக்கைப் பார்த்தேன். அண்ணன்கிட்ட அழுதேன். அண்ணன் முடியாதுன்னுதான் சொல்லுச்சு. மூணு நாள் சோறு தண்ணி இல்லாம கிடந்தேன், அப்புறம்தான் சரின்னுச்சு. கழட்டினதை என் கையில குடுத்து, 'இதை நீயே வச்சுக்க, என்கிட்ட இருந்தா மனசு கேக்காம மறுபடி மாட்டிடுவேன்'னு சொல்லுச்சு."

நான் கத்தினேன். மறைக்க என்ன இருக்கிறது, கத்தினேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னேனே. நாலு வருஷமா சொன்னேன். 'இந்த வருஷம் மட்டும்'னு நாலு தடவை சொன்னீங்க" என்றாள். அது உண்மை. பிறகு, வளையலைக் கேட்ட அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

மச்சான், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வாரமாக என்னால் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, உன்னைத் தவிர சொல்வதற்கும் ஆள் இல்லை.

"மூணாவது வந்தா நம்ம வீடு போயிடும்னு உங்களை நாலாவது வர வச்சேன். நாலாவது வந்தும் நீங்க மேலேதான் போனீங்க. அதுக்கு மேல நான் எதைத் தடுக்க?"

இதைச் சொல்லிவிட்டுப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். மறுநாள் லேபில் வேலை மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். நீ இருக்கிற ஊரில் அவர்களுக்கு ஒரு கிளை இருக்கிறதாம், கொடுத்துவிட்டார்கள். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்டேன். "தெரியல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வளையலை அவள் போட்டுக்கொள்ளவில்லை. ஜெட்டோடு சேர்த்து அதே சிவப்புப் பெட்டியில் வைத்து, துணிகளுக்கு நடுவில் செருகியிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு அவள் ரயில் அங்கே வருகிறது. மறக்காமல் ஸ்டேஷனுக்குப் போய்விடு மச்சான். பெட்டி கனமாக இருக்கிறது. இந்தக் கையை வைத்துக்கொண்டு என்னால் வாசல் வரைக்கும்தான் தூக்கிக் கொடுக்க முடியும்.

மாப்பிள்ளை